மேஜை மேல் இருந்த போன்

ரஞ்சனி டீச்சருக்கு லேசில் கோபம் வராது. வந்தாலும் குரலை உயர்த்த மாட்டாள். கையிலிருக்கும் சாக்பீஸை மேஜையில் வைத்துவிட்டு வகுப்பையே பார்த்துக்கொண்டு நிற்பாள். அதற்குள் சத்தம் அடங்கிவிடும். அன்றைக்கு அப்படி வைத்தும் அடங்கவில்லை.

ஒரகடத்துக்குப் பக்கத்திலிருந்த அந்த அரசு மேல்நிலைப் பள்ளிக்கு அந்த வருஷம்தான் அவள் மாற்றலாகி வந்திருந்தாள். பிளஸ் ஒன் வகுப்பாசிரியர் அவள்தான், வேதியியலும் அவள்தான். ஜன்னலைத் திறந்தால் கன்டெய்னர் லாரிகளின் இரைச்சல், மூடினால் புழுக்கம். பாதி திறந்த ஜன்னலோடு சமன்பாடுகளைச் சமன் செய்வது எப்படி என்று நடத்திக்கொண்டிருந்தாள். பலகைப் பக்கம் திரும்பும்போதெல்லாம் பின்னால் ஒரு சிரிப்புப் பரவியது.

மூன்றாவது பெஞ்சில் கவிப்பிரியா புத்தகப் பையை நிமிர்த்தி வைத்து, அதன் மறைவில் போனைச் சாய்த்து வைத்திருந்தாள். அதைப் பார்த்து இரண்டு கைகளாலும் என்னென்னவோ செய்துகொண்டிருந்தாள். விரல்களைக் குவித்தாள், விரித்தாள், வயிற்றைத் தொட்டாள், தலையை ஆட்டினாள். கடைசி பெஞ்சில் சுபாஷ் அவளைப் போலவே கையை ஆட்டிக் காட்ட, பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

இன்ஸ்டாகிராமுக்கு ரீல்ஸ் எடுக்கிறாள் என்று ரஞ்சனி முடிவே கட்டிவிட்டாள். போன வாரம்தான் பிளஸ் டூ பிள்ளைகள் இரண்டு பேர் அதற்காகத் தலைமையாசிரியர் அறை வாசலில் நின்றார்கள்.

"போனைக் குடு."

"மிஸ், ஒரே நிமிஷம் மிஸ். அம்மா..."

"குடுன்னு சொன்னேன்."

கவிப்பிரியா போனைப் பார்த்தாள், டீச்சரைப் பார்த்தாள். கை மட்டும் இன்னும் ஒருமுறை காற்றில் அசைந்து, ‘இரு’ என்பதுபோல நின்றது. ரஞ்சனி போனை எடுத்துச் சிவப்புப் பொத்தானை அழுத்தித் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். பள்ளிக்குள் போன் கூடாது. பிடிபட்டால் பெற்றோர் நேரில் வந்துதான் வாங்கிப் போக வேண்டும். வாசலில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருந்த விதி அது. அந்தப் பெண் பீரியட் முடியும்வரை உட்கார்ந்த இடத்தில் இருப்புக்கொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்ட பயம் என்று ரஞ்சனி நினைத்தாள்.

ஆசிரியர் அறையில் பையை மேஜையில் வைத்தபோது உள்ளே போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தாள். ‘அம்மா லைன்’ என்று திரையில் பெயர். வீடியோ கால்.

பள்ளி நேரத்தில் பெண்ணைக் கூப்பிட்டுப் பேசும் அம்மாவுக்கு நாலு வார்த்தை சொல்லாமல் விடக்கூடாது என்று தோன்றியது. எடுத்தாள்.

நீலச் சட்டையும் வலைத்தொப்பியும் போட்ட ஒரு பெண்மணி திரையில் தெரிந்தாள். முகமெல்லாம் வியர்வை. ரஞ்சனியைக் கண்டதும் திகைத்துப் போனாள். பிறகு கைகளை வேகவேகமாக அசைக்கத் தொடங்கினாள்.

"நான் கவிப்பிரியாவோட கிளாஸ் டீச்சர் பேசறேம்மா. இப்படி ஸ்கூல் நேரத்துல..."

அந்தப் பெண்மணி கைகளை அசைத்துக்கொண்டே இருந்தாள். உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை.

"கேக்குதாம்மா உங்களுக்கு?" என்றாள் ரஞ்சனி. கேட்ட மாத்திரத்தில் அந்தக் கேள்வி அவளைச் சுருக்கென்று தைத்தது. காலையில் கவிப்பிரியாவின் விரல்கள் போன போக்கும் இந்தப் பெண்மணியின் விரல்கள் போகும் போக்கும் ஒன்றாக இருந்தன.

திரைக்குள் ஒரு இளைஞனின் முகம் எட்டிப் பார்த்தது. "ஹலோ, அந்தப் பிள்ள இல்லியா? நான் இசக்கிபாண்டி, லைன் சூப்பர்வைசர் பேசுதேன். கனகம் அக்காவுக்கு வயித்து வலி, ஃபர்ஸ்ட் எய்டு ரூம்ல வச்சிருக்கோம். நர்ஸம்மா ஊசி போட வந்தா கையத் தட்டி விடுதாவ. ‘ஊசி வேண்டாம்’னு பேப்பர்ல எழுதிக் காட்டுதாவ. பயந்துட்டாவ போலுக்கு. பிள்ளைய விட்டு ரெண்டு வார்த்த தைரியம் சொல்லச் சொல்லுங்களேன்."

ரஞ்சனி போனைக் கையில் பிடித்துக்கொண்டே ஓடினாள். இயற்பியல் வகுப்பு நடந்துகொண்டிருந்தது. வாசலில் நின்று கவிப்பிரியா என்று கூப்பிட்டதும், அந்தப் பெண் அதற்காகவே காத்திருந்தவள்போல பெஞ்சைத் தாண்டி வந்தாள். தாழ்வாரச் சுவரில் சாய்ந்துகொண்டு போனை ரஞ்சனியின் கையிலேயே விட்டு, தன் கைகளால் பேசினாள். அம்மாவின் கைகள் பதில் சொல்லின. அந்த வேகத்தை ரஞ்சனியின் கண்ணால் பின்தொடர முடியவில்லை.

"அண்ணா, ஊசி போட வேணாம்!" என்று கவிப்பிரியா கத்தினாள். "அம்மாவுக்குப் பயம்லாம் இல்ல. போன வருசம் இதே வலிக்கு இந்த ஊசியப் போட்டுதான் மூஞ்சி வீங்கி மூச்சு முட்டிச்சு. ஆஸ்பத்திரில வச்சு காப்பாத்துனாங்க. அதான் வேணான்றாங்க. நர்ஸம்மாகிட்ட சொல்லுங்கண்ணா."

அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது. "அலர்ஜியா? அடக் கடவுளே. இத முன்னாடியே சொல்லக் கூடாதாம்மா?"

"சொல்லிகினுதான் இருந்தாங்க," என்றாள் கவிப்பிரியா.

மாத்திரை கொடுத்து, ஓய்வெடுக்க வைத்து, சாயங்காலம் கம்பெனி வண்டியிலேயே வீட்டில் விட்டுவிடுவதாக இசக்கிபாண்டி சொன்னான். போன் அணைந்தது. கவிப்பிரியா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "இப்ப போன ஹெச்.எம். கிட்ட குடுத்துருவீங்களா மிஸ்?" என்று கேட்டாள்.

சாயங்காலம் பெண்ணின் அப்பா தாண்டவராயன் வந்தார். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனிலிருந்து கம்பெனிகளுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். காக்கிச் சட்டையோடு தலைமையாசிரியர் அறையில் நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தார். அவர் சொன்ன பிறகுதான் ரஞ்சனிக்கு முழு விவரமும் தெரிந்தது. கனகம் பிறவியிலேயே காது கேளாதவள். காருக்குள் ஓடும் வயர்களைக் கட்டுக் கட்டாகப் பின்னித் தரும் கம்பெனியில் வேலை. அங்கே தொழிலாளிகளின் போன்களை உள்ளே போகும்போதே லாக்கரில் வாங்கி வைத்துவிடுவார்கள். அவசரமென்றால் சூப்பர்வைசரின் போன்தான். அதிலிருந்து மகளை வீடியோவில் கூப்பிட்டு, அவள் மூலமாகத்தான் எல்லாரும் கனகத்தோடு பேசுகிறார்கள்.

"நான் வண்டில இருக்கசொல்ல போன் எடுக்க முடியாது டீச்சர். எடுத்தாலும் அது கையால சொல்றதுல எனக்குப் பாதிதான் புரியும். பாப்பாதான் எல்லாம். தாயோட வாயே அதான்னு வச்சுக்கோங்க."

தலைமையாசிரியர் டில்லிபாபு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கெட்டவர் இல்லை. ஆனால் பள்ளிக்கூடத்தில் போனால் பட்ட பாடு அவருக்குத்தான் தெரியும். யாரோ எடுத்த வீடியோவால் ஒரு பெண் படிப்பையே நிறுத்தப் பார்த்ததையும், அந்த வீட்டுக்கு நடையாய் நடந்து அவளைத் திரும்பக் கூட்டி வந்ததையும் அவர் மறக்கவில்லை.

"டீச்சர், கேக்கறதுக்கு எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒருத்திக்கு விட்டா நாளைக்குக் கிளாஸே ஆளுக்கொரு கதையோட வந்து நிக்கும். எது நெஜம், எது புருடான்னு நீங்க எப்படிக் கண்டுபிடிப்பீங்க?"

"கண்டுபிடிக்க வேணாம் சார். எல்லா போனையும் என்கிட்ட வாங்கி வச்சுக்கறேன். இப்ப ஒளிச்சு வச்சிருக்கறது எத்தனைன்னு நமக்கே தெரியாது. தெரிஞ்சு வாங்கி வைக்கறது மேல் இல்லையா? இவளோடது மட்டும் என் மேஜை மேல, என் கண்ணு முன்னாடி இருக்கட்டும். அரையாண்டு வரைக்கும் பாருங்க. சரிப்படலைன்னா நானே நிறுத்திடறேன்."

அவர் யோசித்தார். "ஏதாவது ஏடாகூடமாச்சுன்னா உங்க தலையிலதான் விடியும்."

"விடியட்டும் சார்."

மறுநாள் வகுப்பில் பூட்டுப் போட்ட ஒரு பிளாஸ்டிக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தாள். யார் பையையும் சோதிக்கப் போவதில்லை, யாரையும் ஹெச்.எம். அறைக்கு அனுப்பப் போவதில்லை, காலையில் பெட்டியில் போட்டால் மணி அடித்ததும் கையில் வந்துவிடும் என்றாள். வீட்டில் அவசரமென்றால் ஆபீஸ் போனுக்குக் கூப்பிடட்டும். ஒரு போன் மட்டும் மேஜை மேல் இருக்கும், அது கவிப்பிரியாவுடையது.

யாரும் அசையவில்லை. சுபாஷ் எழுந்தான். "அவளுக்கு மட்டும் இன்னா மிஸ் ஸ்பெஷல்?"

ரஞ்சனி தயங்கினாள். அது அவள் சொல்ல வேண்டிய விஷயமில்லை. மூன்றாவது பெஞ்சில் கவிப்பிரியா தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். அந்த வருஷம்தான் பிளஸ் ஒன்னுக்காக வேறு பள்ளியிலிருந்து வந்தவள்; அவள் வீட்டைப் பற்றி அங்கே யாருக்கும் தெரியாது. பிறகு அவளே எழுந்து நின்றாள்.

"எங்க அம்மாவுக்குக் காது கேக்காது. பேச வராது. நேத்து நான் ரீல்ஸ் எடுக்கல. அம்மா வலிக்குதுன்னு சொல்லிச்சு." சுபாஷைப் பார்த்தாள். "நீ கைய கைய ஆட்டிகினு இருந்தியே, அது எங்க அம்மா பேசற பாஷ."

சுபாஷின் முகம் கறுத்துப் போனது. நின்றபடியே கால்சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். முன்னால் வந்து பெட்டிக்குள் வைத்தான். பிறகு போகாமல் அங்கேயே நின்றான். "அப்ப உங்க போனும் மிஸ்," என்றான். "பாடம் நடத்தசொல்ல நீங்களும் ரெண்டு வாட்டி எட்த்துப் பாத்தீங்க அன்னிக்கு."

ரஞ்சனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பையைத் திறந்து தன் போனை எடுத்து அவனுடையதன் பக்கத்தில் வைத்தாள். அதன் பிறகு ஒவ்வொருவராக வந்தார்கள். காலுறைக்குள்ளிருந்து, சாப்பாட்டுப் பைக்குள்ளிருந்து, ஒருத்தி அட்டை போட்ட புத்தகத்தின் அட்டைக்குள்ளிருந்து என்று போன்கள் வெளியே வந்த விதத்தைப் பார்த்து அவள் அசந்து போனாள். பெட்டி நிறைந்து, மூடியை அழுத்திப் பூட்ட வேண்டியிருந்தது.

காரியம் சுலபமாக முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தாள். ஆனால் போன் மேஜை மேல் வந்த பிறகுதான் அது எத்தனை முறை கண் சிமிட்டுகிறது என்று தெரிந்தது. நாளைக்கு ஷிஃப்ட் மாறுகிறது, கேட்டுச் சொல். ஓ.டி., அதாவது ஓவர்டைம், பார்க்க முடியுமா, கேட்டுச் சொல். பஸ் வேறு கேட்டிலிருந்து கிளம்பும், சொல்லிவிடு. கேண்டீனில் இன்றைக்கு மீனா கோழியா என்பதற்குக்கூட ஒரு நாள் கூப்பிட்டார்கள். ஒவ்வொரு முறையும் கவிப்பிரியா எழுந்து வந்து போனை எடுத்துக்கொண்டு தாழ்வாரத்துக்குப் போவாள். திரும்பி வரும்போது பலகையில் பாதி அழிந்து வேறு பாடம் ஓடிக்கொண்டிருக்கும். யாரிடமும் எதுவும் கேட்க மாட்டாள். இருப்பதை எழுதிக்கொள்வாள்.

ஒரு நாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் ரஞ்சனி அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கேட்டாள். "எப்ப இருந்து இப்படி?"

"சின்னதுல இருந்தே மிஸ். பேங்கு, ரேஷன் கடை, ஆஸ்பத்திரி, எல்லாம் நான்தான் பேசுவேன்." அதைச் சொல்லும்போது அவள் குரலில் பெருமை இருந்தது.

"கம்பெனில கூட வேல செய்யறவங்க யாராவது கொஞ்சம் சைகை கத்துக்கிட்டா, இவ்வளவு தடவை உன்னைக் கூப்பிட வேண்டியிருக்காதே?"

அந்தப் பெண்ணின் முகம் சட்டென்று மூடிக்கொண்டது. "எங்க அம்மாவ நான் பாத்துக்குவேன் மிஸ். வேற யாருக்கும் அது புரியாது." டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

ரஞ்சனி அதோடு விட்டிருக்கலாம். அந்த வாரம் திருத்திய விடைத்தாள்கள் அவளை விடவில்லை. வேதியியலில் கவிப்பிரியா தேறவே இல்லை. கேள்வி புரியாமல் எழுதிய பதில்கள் அல்ல அவை. நடுவிலேயே அறுந்த பதில்கள். வரியின் தலையும் வாலும் சரியாக இருக்கும், இடையில் எதுவுமே இருக்காது. அவள் வகுப்பில் இல்லாத நேரமெல்லாம் அந்தத் தாளில் ஓட்டை ஓட்டையாகத் தெரிந்தது.

கனகத்துக்கு விடுமுறை நாள் என்று தாண்டவராயன் சொன்ன நாளில், அவருடைய ஆட்டோவிலேயே வடக்குப்பட்டுக்குப் போனாள். இரண்டு கம்பெனிச் சுற்றுச்சுவர்களுக்கு நடுவே மிச்சமிருந்த தெருவில் அவர்கள் வீடு. கனகம் வாசலுக்கே வந்து கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனாள். திரையில் பார்த்த வியர்த்த முகம் இல்லை இது. கண்ணெல்லாம் சிரிப்பாக இருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள், டீ கொடுத்தாள், எதிரே தரையில் உட்கார்ந்துகொண்டு மகளைப் பார்த்தாள், பேச்சைத் தொடங்கு என்பதுபோல.

"உங்க பொண்ணு நல்ல பொண்ணுதாம்மா," என்று ரஞ்சனி ஆரம்பித்தாள். "ஆனா வேதியியல்ல பெயிலாயிட்டா. கம்பெனியிலிருந்து போன் வந்துகிட்டே இருக்கறதால கிளாஸ்ல பாதி நேரம் இருக்கறதில்ல. இப்படியே போனா பிளஸ் டூல ரொம்பக் கஷ்டப்படுவா. இதுக்கு ஒரு வழி பண்ணணும்."

கவிப்பிரியாவின் கைகள் அசைந்தன. சின்ன அசைவு, இரண்டு மூன்று விரல் மடக்கல், அவ்வளவுதான். கனகம் மலர்ந்து சிரித்து, ரஞ்சனியைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

பெயிலான செய்திக்கு எந்தத் தாய் இப்படிச் சிரிப்பாள்? ரஞ்சனி கவிப்பிரியாவைப் பார்த்தாள். அவள் கண்களைத் தாழ்த்திக்கொண்டு தோளில் துப்பட்டாவை இழுத்து இழுத்துச் சரிசெய்தாள்.

அப்போதுதான் ரஞ்சனிக்குப் புரிந்தது. பழைய பள்ளியில் ஒவ்வொரு பெற்றோர் கூட்டத்திலும் அம்மாவுக்கு எடுத்துச் சொன்னவள் இவள்தானே. தன் மதிப்பெண்ணைத் தானே மொழிபெயர்த்தவள்.

ரஞ்சனி தன் போனை எடுத்தாள். சின்னச் சின்ன வாக்கியங்களாகத் தமிழில் தட்டினாள். ‘கவிப்பிரியா வேதியியலில் பெயில். கம்பெனி போன் நிறைய வருகிறது. பாடம் போகிறது. அவள் கெட்டிக்காரி. நேரம் வேண்டும்.’ போனைக் கனகத்தின் கையில் கொடுத்தாள்.

கனகம் விரலால் ஒவ்வொரு வார்த்தையாகத் தொட்டு வாசித்தாள். சிறு வயதில் காது கேளாதோர் பள்ளியில் படித்ததெல்லாம் அவளுக்கு மறந்துவிடவில்லை. மெதுவாகத்தான் வரும், அவ்வளவுதான். வாசிக்க வாசிக்க அந்தச் சிரிப்பு முகத்திலிருந்து வடிந்தது. நிமிர்ந்து மகளைப் பார்த்தாள். பிறகு அவள் கைகள் பேசிய பேச்சுக்கு யாரும் ரஞ்சனிக்கு அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வாசலில் நின்றிருந்த தாண்டவராயனே ஒரு எட்டுப் பின்வாங்கினார்.

கவிப்பிரியா பதிலுக்குக் கைகளை வீசினாள். வாயாலும் கத்தினாள், கத்துவது அம்மாவுக்குக் கேட்காது என்று தெரிந்தும். "நான் எடுக்கலன்னா யாரு எடுப்பா? அன்னிக்கு ஊசியப் போட்டுருந்தா? நான் க்ளாஸ்ல உக்காந்துகினு கெமிஸ்ட்ரி படிச்சிகினு இருப்பேன், அங்க நீ..." மேலே பேச முடியாமல் தேம்பினாள்.

கனகம் எழுந்து மகளின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். பேச விடாமல் பிடிப்பதுபோலவும் இருந்தது, அணைப்பதுபோலவும் இருந்தது. பிறகு கனகம் ரஞ்சனியின் போனை வாங்கி, ஒற்றை விரலால் தேடித் தேடி எழுத்துகளைத் தட்டினாள்.

‘நான் கூப்பிட இல்லை. சூப்பர்வைசர் கூப்பிடு சொல்வார். எனக்கு ஆசை இல்லை. பெண் படிக்க வேண்டும். லைனில் பிரவீனா என் தோழி. கத்துக்க ஆசை. யார் சொல்லித் தர?’

ரஞ்சனி அதைச் சத்தமாக வாசித்தாள். கவிப்பிரியா மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "பிரவீனாக்காவா?" என்று அம்மாவைக் கையாலும் கேட்டாள். கனகம் தலையை ஆட்டினாள். வேறு யாராவது கற்றுக்கொள்வார்களா என்று பெண் தன்னிடம் இதற்கு முன் கேட்டதே இல்லை என்பது அவள் முகத்தில் தெரிந்தது.

அன்றைக்கே ரஞ்சனி இசக்கிபாண்டிக்குப் போன் செய்தாள். சண்டைக்கு வருவான் என்று தயாராகத்தான் இருந்தாள். அவன் வெட்கப்பட்டான். "டீச்சர், பிள்ள பள்ளிக்கூடத்துல இருக்குங்கது எனக்குத் தெரியாமயா? கூப்பிட்டா ஒடனே எடுக்கும், அப்படியே பழகிட்டேன். நானே ஊரு விட்டு ஊரு வந்தவன். வந்த புதுசுல இங்க பேசுத பேச்சே எனக்குப் பிடிபடல. இந்த அக்காகிட்ட எப்படிப் பேசுததுன்னு யாராவது காட்டித் தந்தா படிக்க மாட்டேனா?"

காட்டித் தருவது யார் என்ற கேள்வி கவிப்பிரியாவிடம் வந்து நின்றது. கம்பெனிக்குள் அவள் போக முடியாது. ஷிஃப்ட் முடிந்தால் எல்லாரும் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவார்கள். யோசனை சொன்னது சுபாஷ். "வீடியோ எட்த்து அனுப்பிச்சுடலாம் மிஸ். ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு சின்ன வீடியோ. பஸ்ல போகசொல்ல பாத்துகினே கத்துப்பாங்க."

டில்லிபாபு தலையில் கை வைத்துக்கொண்டார். "போனைப் பெட்டியில போட வச்சதே பெரிசுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிக்கிட்டு இருக்கேன். நீங்க திருப்பி வெளிய எடுக்கணும்ங்கறீங்க!"

"ஒரு பீரியட் சார். நீங்களும் வந்து உக்காருங்க."

அவர் வந்தார். கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார்.

பலகைக்கு முன்னால் கவிப்பிரியா நின்றாள். முதலில் அவளுக்குக் கை வரவில்லை. அத்தனை பேர் பார்க்க அவள் அந்தப் பாஷையைப் பேசியதே இல்லை. மறைவில், தாழ்வாரத்தில், பேங்க் ஜன்னலோரத்தில் பேசியே பழக்கம். சுபாஷ் போனை நிமிர்த்திப் பிடித்து, "நிறுத்து," என்று முதல் வார்த்தையைச் சொன்னான். அவள் ஒரு உள்ளங்கையை விரித்து, மறு கையின் விளிம்பை அதன்மேல் வெட்டுவதுபோல வைத்தாள். அடுத்தது. ‘பஸ் மாறிடுச்சு.’ அடுத்தது. ‘வலிக்குதா? எங்க வலிக்குது?’ சூப்பர்வைசர் என்ன பேசுவார் என்று வகுப்பு யோசித்து யோசித்துச் சொல்லிற்று. பாதியில் அவள் கையை இறக்கிவிட்டாள்.

"எல்லாம் கம்பெனிக்காரங்க அம்மாகிட்ட சொல்றதாவே இருக்கு மிஸ். அம்மா சொல்றது அவங்களுக்குப் புரிய வேணாமா?"

அதன் பிறகு அவளே வார்த்தைகளைச் சொன்னாள். ‘எனக்குப் புரியல, மறுபடி சொல்லு.’ ‘மெதுவா.’ ‘இன்னிக்கு முடியாது.’ ‘இது எனக்கு ஒத்துக்காது.’ அந்தக் கடைசிச் சைகையை மூன்று நான்கு முறை திரும்பத் திரும்ப எடுக்க வைத்தாள், கைவிரல் சரியாகத் தெரியும்வரை. மணி அடித்தபோது யாரும் எழுந்திருக்கவில்லை. கடைசி பெஞ்சில் டில்லிபாபு, யாரும் பார்க்கவில்லை என்ற நினைப்பில், உள்ளங்கையில் கையை வெட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிரவீனாதான் முதலில் கற்றுக்கொண்டாள். பிறகு லைனில் இன்னும் சிலர். இசக்கிபாண்டிக்குக் கொஞ்சம் மந்தம்தான், ஓ.டி. இருக்கா என்று கேட்கப் போய், கல்யாணம் ஆயிடுச்சா என்று கேட்டு, கனகம் சிரித்த சிரிப்பில் லைனே நின்றுவிட்டதாம். அந்தக் கதையைக் கனகம் வீட்டில் மகளிடம் சொல்ல, மகள் வகுப்பில் வந்து சொன்னாள். மேஜை மேல் இருந்த போன் கண் சிமிட்டுவது குறைந்தது. பிறகு முழு நாளும் சும்மா கிடக்க ஆரம்பித்தது.

அது அவளுக்குப் பிடித்துவிட்டது என்று சொல்ல முடியாது. முதல் சில நாள்கள் பாடத்துக்கு நடுவே எழுந்து வந்து, சார்ஜ் இருக்கிறதா, சிக்னல் இருக்கிறதா என்று பார்த்தாள். "அம்மா என்னை மறந்துடுச்சு போல," என்று ஒரு தரம் முணுமுணுத்தாள். அன்றைக்குச் சாயங்காலம் கனகமே பள்ளி வாசலுக்கு வந்து நின்றாள். ஷிஃப்ட் சீக்கிரம் முடிந்துவிட்டது, கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வந்திருக்கிறாள். கூட்டத்துக்குள் மகளைத் தேடிக் கண்டுபிடித்து, தூரத்திலிருந்தே கையால் கேட்டாள். ரஞ்சனிக்கு இப்போது அது புரிந்தது. இன்றைக்கு என்ன படித்தாய்?

கவிப்பிரியா வேதியியல் என்பதற்குச் சைகை இல்லாமல் திண்டாடினாள். கடைசியில் குடுவையில் எதையோ ஊற்றிப் புகை கிளம்புவதுபோல நடித்துக் காட்டினாள். அம்மாவும் பெண்ணும் சிரித்துக்கொண்டே ஆட்டோ ஸ்டாண்டுப் பக்கம் நடந்தார்கள்.

அரையாண்டில் அவள் தேறினாள். பிரமாதமாக இல்லை, ஆனால் தேறினாள். விடைத்தாளில் ஓட்டைகள் தூர்ந்திருந்தன. தப்புகள் இருந்தன, முழுசாக, தலையும் வாலும் நடுவுமாக. அந்தத் தப்புகளைத் திருத்துவது ரஞ்சனிக்குச் சந்தோஷமாக இருந்தது. டில்லிபாபு பிளஸ் டூ வகுப்புக்கும் ஒரு பெட்டி வாங்கச் சொன்னார். இந்தத் தடவை பள்ளிச் செலவில், கொஞ்சம் பெரியதாக.

தொல்லையே இல்லாமல் போய்விட்டது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வீடியோ எடுத்த நாளிலிருந்து வகுப்பு முழுக்கச் சைகை பரவிவிட்டது. போன் கையில் இல்லாவிட்டால் என்ன? பாடம் நடக்கும்போதே இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் பிள்ளைகள் சத்தமே இல்லாமல் அரட்டை அடித்தார்கள். புது வார்த்தைகளைக் கவிப்பிரியாவிடம் வாங்கி வாங்கிச் சேர்த்துக்கொண்டார்கள்.

பொங்கல் லீவு முடிந்த வாரத்தில் ஒரு நாள் ரஞ்சனி அவளைப் பலகைக்கு அழைத்து ஒரு சமன்பாட்டைச் சமன் செய்யச் சொன்னாள். கவிப்பிரியா சாக்பீஸைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். எழுதினாள், அழித்தாள். வலப்பக்கம் ஆக்சிஜன் ஒன்று உதைத்துக்கொண்டு நின்றது. யாரும் அவளை வெளியே கூப்பிடவில்லை, அவளும் வாசல் பக்கம் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சிலிருந்து சுபாஷ் கையைத் தூக்கி விரல்களால் விடையைக் காட்டத் தொடங்கினான்.

ரஞ்சனி திரும்பிப் பார்க்காமலே, முதுகுக்குப் பின்னால் ஒரு உள்ளங்கையை விரித்து மறு கையின் விளிம்பை அதன்மேல் வெட்டினாள்.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சுபாஷ் கையை மடக்கிக்கொண்டான். "அவளே போடட்டும்," என்றாள் ரஞ்சனி. கவிப்பிரியாவும் சிரித்துவிட்டுப் பலகையை மறுபடி முழுசாக அழித்தாள். முதலிலிருந்து எழுதத் தொடங்கினாள்.